பழைய லாடத்தைக் கேளுங்க

என் பட்டறை மேஜையில் பில்கள் பறக்காமல் இருக்க ஒரு பழைய லாடம் வைத்திருக்கிறேன். பின்னங்கால் லாடம். முனைப் பக்கம் தேய்ந்து தகடு மாதிரி ஆகிவிட்டது, குதிகால் பக்கம் மட்டும் கிட்டத்தட்ட புதுசாகவே இருக்கிறது. வருகிறவர்கள் ராசிக்கு வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வயசான சவாரிக் குதிரை ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டபோது, சுற்றி வளைக்காமல் பதில் சொன்னது இந்த இரும்பு மட்டும்தான்.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இருக்கிற ஐந்து மெஷினில் நாலு செகண்ட் ஹேண்ட். பழைய மெஷின் பார்த்து வாங்குவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மெஷினின் அடித்தளமான பெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவேன். புது பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தால் கிட்டவே போக மாட்டேன். குதிரையும் அப்படித்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். பாதி சரி.

மகளுக்கு 14 வயது. இரண்டு வருஷமாக ஊருக்கு வெளியே ஒரு சவாரிப் பள்ளியில் சனி, ஞாயிறு குதிரை ஏறப் பழகுகிறாள். இரண்டு முறை விழுந்திருக்கிறாள். இரண்டு முறையும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினாள், நான்தான் வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தபோது அவளுடைய பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: "இளசா, மினுமினுன்னு எதையும் வாங்கிடாதீங்க சார். கத்துக்குட்டி மேல கத்துக்குட்டிய ஏத்தக் கூடாது. பன்னெண்டு வயசுக்கு மேல பாருங்க. லாரி ஹாரன், பட்டாசு, நாய் எல்லாம் பாத்து சலிச்ச குதிரையா இருக்கணும்."

குதிரை நல்லபடி பார்த்துக்கொண்டால் 25 வயது, சில 30 வரைகூட இருக்கும். அதனால் 12, 13 என்பது கிழடு இல்லை, நம் கணக்கில் நாற்பது தாண்டிய ஆள். 17 என்றால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தியூர் போனோம், ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கூடுகிற சந்தைக்கு. திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடக்கிறது என்பார்கள். காதின் இரண்டு நுனியும் மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள், மேளத்துக்குக் கால் மாற்றி ஆடும் நாட்டியக் குதிரைகள், எல்லாமே யானை விலை குதிரை விலை என்பதில் பின்பாதியை நிஜமாக்கிக்கொண்டிருந்தன. அங்கே யாரும் மூட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. சுழிதான் பார்த்தார்கள். நெற்றியில் எத்தனை சுழி, கழுத்தில் எந்தப் பக்கம், வயிற்றடியில் இருக்கிறதா என்று. தப்பான இடத்தில் ஒரு சுழி இருந்தால் பாதி விலைக்கும் ஆள் வராது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், வயசைக் குறைத்துக் காட்ட அந்தக் காலத்தில் குதிரையின் பல்லில் சூட்டுக்கோலால் கறுப்புக் குழி வைப்பார்கள் என்று காதோடு சொன்னார். செகண்ட் ஹேண்ட் காரில் கிலோமீட்டரைத் திருப்பி வைக்கிற வேலை. ஜிலேபி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம்.

அடுத்தது சென்னைப் பக்கம், கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு லாயம். பந்தயம் ஓடி ஓய்ந்த 13 வயதுப் பெண் குதிரை, கருஞ்சிவப்பு, எண்ணெய் தடவினது போல மேனி. சென்னை வெயிலில் காலை பத்து மணிக்கு மகள் இருபது நிமிடம் ஓட்டினாள். பக்கத்தில் ஓடிய மற்ற குதிரைகள் குளித்தது மாதிரி நனைந்து நின்றன. இது மட்டும் பிடரிக்கு அடியில் லேசான ஈரத்தோடு நின்றது. எனக்கு ஒரே பெருமை. கோவையில் எங்களுக்குக் குதிரை பார்க்கிற கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"டாக்டர், வியர்க்கவே இல்லைங்க. என்ன ஒரு ஃபிட்னஸ்!"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சார், விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்க" என்றார்.

எண்ணினேன். சும்மா நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவைதான் மூச்சு விடும். இது இறங்கி இருபது நிமிடம் ஆன பிறகும் 60-ஐத் தாண்டி இரைத்துக்கொண்டிருந்தது. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. குதிரை உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் வியர்வையால்தான் இறக்குகிறது. வெயிலும் புழுக்கமும் சேர்ந்த ஊரில் சில குதிரைகளுக்கு அந்த வியர்வையே நின்றுபோகும். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கொண்டுவந்த சீமைக் குதிரைகளிலேயே இதைக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்களாம். ஊட்டி மாதிரிக் குளிர்ந்த இடத்துக்குப் போனால் பல குதிரைகள் தேறிவிடும், எங்கள் தோப்பு இருக்கிற சூலூர் வெயிலில் கட்டினால் ஒரு நாள் சுருண்டு விழும் என்றார் டாக்டர். விற்க வந்தவர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தெரியவும் தெரியாது.

இந்த நேரத்தில்தான் மகள் பழகுகிற இடத்திலேயே மணி என்ற குதிரையை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது.

மணி செவலை. நெற்றியில் கோணலான வெள்ளைச் சுட்டி. காயடித்த ஆண், தரோபிரெட் என்கிற பந்தயக் குதிரை இனம். பந்தயக் காலத்தில் பெரிய இங்கிலீஷ் பெயர் ஒன்று இருந்திருக்கும், லாயத்தில் யாருக்கும் அது ஞாபகமில்லை. கைமாறி கைமாறிக் கடுதாசியும் எங்கேயோ தொலைந்துவிட்டது. பள்ளியில் சின்னப் பிள்ளைகளை முதல் நாள் ஏற்றுவது இவன் மேல்தான். கடிவாளத்தை எந்தக் குழந்தை எப்படி இழுத்தாலும் காதை ஒரு தடவை பின்னால் திருப்பிவிட்டு நின்றுவிடுவான். விலை 1,10,000 சொன்னார்கள். வயசு "பன்னெண்டு, பதிமூணு இருக்கும் சார்."

இருக்கும் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்காது. பட்டறையில் அந்த வார்த்தை வந்தால் அளவு பார்க்கிற வெர்னியரை எடுத்துவிடுவேன்.

டாக்டர் வந்து மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல்வரிசை முன்பற்களில் கடைசிப் பல், அதன் வெளிப்பக்கத்தில் நெடுக்காக ஒரு பள்ளக்கோடு. காபிக் கறை மாதிரி பழுப்பாக இருந்தது. இந்தக் கோடு பத்து வயது வாக்கில் ஈறு ஓரத்தில் தலைகாட்டும். பதினைந்தில் பாதிப் பல் வரை இறங்கும். இருபதில் முழுப் பல்லுக்கும் எட்டிவிடும், அப்புறம் மேலிருந்து அழிந்துகொண்டே வரும். மணிக்குப் பாதியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பற்களும் இளம் குதிரையுடையது போல நேராகச் சந்திக்காமல் முன்னால் சாய்ந்து நீண்டிருந்தன. "பதினாறு, பதினேழு. ஆனா பல் ஒண்ணும் பஞ்சாங்கம் இல்ல சார், ரெண்டு வருஷம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வெச்சுக்குங்க" என்றார். கண்ணுக்கு மேலே விழுந்திருந்த குழி, கொஞ்சம் இறங்கிய முதுகு எல்லாம் அதையேதான் சொல்லின. உரிமையாளரிடம் 17 என்று வைத்துக்கொள்ளலாமா என்றேன். "வெச்சுக்கலாம் சார்" என்றார், கொஞ்சமும் அசராமல். நாலு வருஷம் ஒரே நிமிடத்தில் கூடிவிட்டது.

அதோடு விட்டிருப்பேன். மகள் ஒன்றும் பேசவில்லை, வண்டியில் வரும்போது கண்ணாடிப் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

ஞாயிறு நாலு கிளாஸ் ஓடிய மறுநாள், திங்கள் காலை ஐந்தரை மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் லாயத்துக்குப் போனேன். பழைய மெஷினை ஓனர் வார்ம்-அப் பண்ணி வைத்த பிறகு பார்க்கவே கூடாது, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேண்டும். குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற சைஸ் தம்பிக்கு டீ வாங்கிப் போயிருந்தேன். மணி படுத்திருந்தான். மாடு பின்பக்கத்தைத் தூக்கி எழும், குதிரை முன்னங்கால் இரண்டையும் நீட்டி ஊன்றிக்கொண்டு பின்னங்காலால் உந்தி எழும். மணி முன்னங்காலை நீட்டினான். ஒரு தடவை உந்தினான், முடியவில்லை. அப்படியே உட்கார்ந்து எங்களைப் பார்த்தான். அப்புறம் மூச்சை இழுத்து இரண்டாவது உந்தலில் எழுந்தான். வெளியே நடத்தி வரும்போது இடது பின்னங்கால் ஒவ்வொரு அடிக்கும் மண்ணைச் சுரண்டியது. சர்... சர்... பத்து நிமிடத்தில் அந்தச் சத்தம் குறைந்தது, பதினைந்தில் நின்றே விட்டது.

"தினமும் இப்படித்தானுங்களா?"

"காலைல மட்டுந்தானுங்கண்ணா. அப்புறம் பையன் ஜம்முன்னு ஆயிருவான்."

லாடம் அடிக்கிற பாய் அந்த வாரம் வந்தார். அறுபதைத் தாண்டியவர், முழங்காலுக்கு மேல் தோல் கட்டிக்கொண்டு குதிரையின் காலைத் தன் தொடைகளுக்கு நடுவே பிடித்து வேலை செய்வார். அவரிடம் வெறுமனே, நல்ல குதிரையா பாய் என்று கேட்டேன். கழற்றிய நாலு லாடத்தையும் என் காலடியில் வரிசையாகப் போட்டார். "என்னைக் கேக்காதீங்க தம்பி, பழைய லாடத்தைக் கேளுங்க. புதுசு அடிச்சா எல்லாக் காலும் நல்ல காலுதான்."

முன்னங்கால் லாடங்கள் சீராகத் தேய்ந்திருந்தன. வலது பின்னங்கால் பரவாயில்லை. இடது பின்னங்கால் லாடம் முனையில் மட்டும் கரைந்திருந்தது. காலை முழுசாகத் தூக்க வலிக்கிறது, அதனால் இழுத்து வைக்கிறான். எனக்கு இது புரிகிற பாஷை. தேய்ந்த டூலைப் பார்த்தால் மெஷினில் எங்கே ஆட்டம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பாயிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதுதான் மேஜையில் இருப்பது.

முறைப்படி சோதனைக்கு டாக்டர் மறுபடி வந்தார். ஓய்வில் நாடி 36. பெரிய குதிரைக்கு 28 முதல் 44 வரை சரி. கண்ணில் டார்ச் அடித்தார், புரை இல்லை. தொண்டையை அழுத்தி இருமல் பார்த்தார். அப்புறம் பின்னங்காலை நன்றாக மடக்கி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்து, விட்ட உடனே ட்ராட், அதாவது மெதுவோட்டம் ஓடச் சொன்னார். வலதில் ஒன்றுமில்லை. இடதில் முதல் ஏழெட்டு அடி தெளிவாக நொண்டினான். பின்னங்காலில் முழங்கை மாதிரி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய மூட்டின் அடிப்பகுதியில் தேய்மானம். ஓடிய குதிரைகளுக்கும் தாண்டிய குதிரைகளுக்கும் சகஜம். அந்த அடிமூட்டு எலும்புகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வலி குறையவும் செய்யுமாம். நாள் முழுக்க லாயத்தில் நிறுத்தினால்தான் இறுகிப்போகும். தினமும் கொஞ்சம் நடை, பதினைந்து நிமிடம் மெல்ல சூடாக்கின பிறகு சவாரி, தாண்டல் அறவே கிடையாது.

ரத்தமும் எடுத்தார். இரண்டு காரணம். ஒன்று, கிளாண்டர்ஸ். மனுஷனுக்கும் தொற்றுகிற வியாதி, இருப்பது உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை. இரண்டு, விற்கிற அன்று ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலி மருந்தைக் கொடுத்துவிட்டால் நொண்டிக் குதிரைகூட மாப்பிள்ளை மாதிரி நடக்கும். லாயங்களில் அதைச் சுருக்கமாக பியூட் என்பார்கள். அந்த மருந்து ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லை என்று வந்தது. நம் கண்முன்னால்தானே நொண்டினான், பிறகெதற்கு இந்த டெஸ்ட் என்று கேட்டேன். "மருந்து போட்டும் இவ்வளவு நொண்டினா அது வேற கதை சார்" என்றார்.

எனக்கு இருந்த ஆசை ஒன்றையும் டாக்டர் அன்றைக்கே முடித்துவைத்தார். நானும் ஞாயிறுகளில் ஒரு சுற்றுப் போகலாம் என்று மனசுக்குள் நினைத்திருந்தேன். குதிரையை எடை மேடையில் ஏற்ற முடியாது, டேப்பால் அளப்பார்கள். நெஞ்சுச் சுற்றளவு சென்டிமீட்டரில், அதை அதனாலேயே பெருக்கி, உடம்பு நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். மணிக்குச் சுற்றளவு 178, நீளம் 160. ஏறக்குறைய 427 கிலோ. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதாவது 85 கிலோ. சேணம், கடிவாளம் எல்லாம் 8 கிலோ. மீதி 77. என் எடை 82. அதுவும் மூட்டு தேய்ந்த குதிரை என்றால் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். டாக்டர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேறு எங்கோ பார்த்தார். மகள் வேறு எங்கும் பார்க்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

இனி பணம். வாங்கும் விலையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், எனக்கு அது கடைசிக் கவலையாகிவிட்டது. ஓட்ஸ், ஊறவைத்த கொள்ளு, குதிரை மசால் தீவனம், காய்ந்த புல், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை லாடம், வருஷத்துக்கு ஒரு தடவை பல்லுக்கு அரம், டெட்டனஸ் ஊசி, பூச்சி மருந்து, அரைநாள் ஆள் கூலி. எழுதிக் கூட்டினேன். தோப்பு சொந்தம் என்றாலும் மாதம் 20,000-க்குக் குறையாது. கடைசியில் மணியை 65,000-க்குப் பேசி முடித்தேன். மூன்று மாதச் சாப்பாடு. பத்து வருஷம் இருந்தால் 24 லட்சம். அந்தக் கணக்கில் 45,000 ரூபாய் பேரம் பேசியதே சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் பேசினேன். கோயம்புத்தூர்க்காரன்.

வாங்குவதற்கு முந்தின ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பேசினோம். மனைவி அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து கேட்டாள்.

"ஏங்க, இவளுக்குப் பதினெட்டு வயசானா காலேஜ். ஹாஸ்டல். அப்ப அதுக்கு இருபத்தோரு வயசு. யாரு லத்தி அள்ளறது?"

டாக்டர், பாய், பயிற்சியாளர், மூன்று மாதம் இன்டர்நெட், ஒருத்தரும் கேட்காத கேள்வி. சவாரிக்கு மணி இன்னும் நாலைந்து வருஷம் தாங்குவான். அப்புறம் அஞ்சாறு வருஷம் சும்மா நிற்பான், தின்பான், லத்தி போடுவான். லேத் ஓடாமல் போனால் எடைக்குப் போட்டுவிடலாம். இவனை யாரிடமாவது தள்ளிவிட்டால் அடுத்து எந்தக் கல்யாண வண்டியில், எந்தச் செங்கல் சூளையில் நிற்பான் என்று யோசிக்க வேண்டியிருந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று அம்மா சொல்வாள். இங்கே குழி நாம் பறிக்க வேண்டியது, 400 கிலோவுக்கு மேல் உள்ள உடம்பு, ஜேசிபி இல்லாமல் முடியாது. தோப்பின் வடக்கு மூலையில் இடம் இருக்கிறது என்று அன்றைக்கு ராத்திரி நான் சத்தமாகவே சொன்னேன். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அரை மணி கழித்து வந்து, லீவுக்கெல்லாம் தானே அள்ளுவதாகவும் மற்ற நாளைக்கு அப்பா அள்ள வேண்டும் என்றும் சொன்னாள். மனைவி என்னைப் பார்த்தாள். சரி என்றேன்.

எட்டு மாதம் ஆகிறது. சூலூர் தோப்பில் மதியத்துக்கு மேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுவதால் வெயில் பரவாயில்லை. மணிக்கு நன்றாகவே வியர்க்கிறது, முதல் வாரத்தில் அதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டுக்குப் போடுகிற கம்பு நேப்பியர் புல்லை ஆசையாக ஒரு கட்டு கொண்டுவந்தார். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். மாட்டுக்கு ஆவது குதிரைக்கு ஆகாது, வெறும் தவிடாகப் போடுவதும் அப்படித்தான், எலும்பு கெட்டு மூஞ்சி வீங்கிவிடும். கிணற்று மேட்டு அருகம்புல்லை அவனே மேய்ந்துகொள்கிறான். தனியாகக் கட்டினால் ராத்திரியெல்லாம் கனைக்கிறான் என்று எங்கள் கறவை மாட்டைப் பக்கத்தில் கட்டினோம். இப்போது பால் கறக்க மாட்டை அந்தண்டை கொண்டுபோனாலும் கனைக்கிறான்.

காலையில் அவனை நடத்துகிற வேலை என்னுடையது. மகள் தயாராவதற்குள் பதினைந்து நிமிடம், தென்னை வரிசைகளுக்கு நடுவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். 82 கிலோ இப்போது 78. இன்னும் ஏறவில்லை.

போன வாரம் பாய் தோப்புக்கே வந்து லாடம் மாற்றினார். பின்னங்கால் லாடத்தின் முனையைக் கொஞ்சம் உருட்டி அடிக்க ஆரம்பித்ததிலிருந்து இழுப்பது குறைந்திருக்கிறது. கழற்றின இடது பின்னங்கால் லாடத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முனை தேய்ந்துதான் இருந்தது. ஆனால் குதிகால் பக்கமும் தேய்ந்திருந்தது.

"இதையும் மேஜைக்குக் கொண்டுபோறீங்களா தம்பி?" என்றார் பாய். வேண்டாம் என்று அவர் சாக்குப் பையிலேயே போட்டேன்.